புது கிட்டாரில் பழைய காயம்: ஒரே கீறலுக்கு இரண்டு விலை!

புது பைக்கில் முதல் கீறல் விழுந்த அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. புது போன் கை தவறிக் கீழே விழுந்தாலும் அதே கதைதான். ஆனால், 'நாலு இடத்துல பெயின்ட் உதிர்ந்திருக்கணும், ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிச்சிருக்கணும், முதுகுல பெல்ட் பக்கிள் உரசின தடம் தெரியணும்' என்று கேட்டு, அதற்குக் கூடுதலாகப் பணமும் கட்டி, புத்தம் புதுப் பொருளை வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள்!

இந்த வகை கிட்டாருக்கு 'ரெலிக்' என்று பெயர். தேவாலயங்களில் பத்திரப்படுத்தும் புனிதர்களின் எச்சங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் அதே சொல். தொழிற்சாலையில் இருந்து நேற்று வந்திருக்கும். பார்த்தால் 50 வருடம் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய் வந்ததுபோல இருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உண்மையிலேயே 60 வருடம் பழைய கிட்டாரை யாராவது, 'பாவம், பெயின்ட் போயிருச்சே' என்று பாசத்தோடு பளபளவென்று மறுபடி பெயின்ட் அடித்தால், அதன் சந்தை விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். பழைய கிட்டார் வியாபாரிகள் பல காலமாகப் போடும் கணக்கு இது. புதுசைக் கீறினால் விலை ஏறுகிறது, பழசைப் புதுசாக்கினால் விலை இறங்குகிறது. இந்தத் தலைகீழ்க் கணக்கு எப்படி வந்தது?

100 பவுண்டு கடன்

அயர்லாந்தின் கார்க் நகரம், 1963. க்ரௌலி என்ற இசைக்கருவிக் கடையில் ஒரு பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. 1961-ல் அமெரிக்காவில் செய்தது. நடன இசைக்குழுக்காரர் ஒருவர் சிவப்பு நிறத்தில் கேட்டு ஆர்டர் கொடுத்திருக்கிறார். வந்து இறங்கியதோ நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கறுப்புமாகப் பரவும் 'சன்பர்ஸ்ட்' நிறத்தில். சிவப்பு கைக்கு வந்ததும் இதைக் கடையில் கொடுத்துவிட்டார். விலை 100 பவுண்டு. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. 15 வயதுப் பையன் ஒருவன் கடன் சொல்லி அதை வாங்கினான். பெயர் ரோரி கேலகர்.

அடுத்த 30 சொச்சம் வருடம் அந்த கிட்டாரை அவர் கீழே வைக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மேடை விளக்குச் சூட்டில் சட்டை நனைய நனைய வாசிப்பது அவர் பழக்கம். வியர்வை பட்டுப் பட்டு மேல்பூச்சு உதிர்ந்தது. நடுவில் ஒருமுறை டப்ளினில் திருட்டுப் போய், சில நாள் கழித்து ஒரு பள்ளத்தில் கிடந்து கிடைத்தது. அயர்லாந்து மழை அதன் பங்குக்குக் கொஞ்சம் தின்றிருந்தது. கடைசியில் சன்பர்ஸ்ட் ஓரமாக மட்டும் திட்டுத்திட்டாக நிற்க, மற்ற இடமெல்லாம் வெறும் மரம். சுருதி முறுக்கும் கீ ஆறில் ஐந்து ஒரு கம்பெனி, ஒன்று வேறு கம்பெனி. உடைந்தபோது கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கேலகர் 1995-ல் காலமானார். அதற்குப் பிறகு, 1990-களின் இறுதியில், ஃபெண்டர் நிறுவனம் அந்த கிட்டாரை நகலெடுத்து விற்கத் தொடங்கியது. பெயின்ட் போன இடமெல்லாம் அப்படியே. அந்த ஜோடி சேராத ஒற்றைக் கீ உட்பட! ஒருவர் வேறு வழியில்லாமல் செய்துகொண்ட ரிப்பேரை, இன்னொருவர் காசு கொடுத்து வாங்கும் வசதி வந்துவிட்டது.

அசல் கிட்டார் 2024 அக்டோபரில் லண்டனில் போனாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. கட்டணங்கள் சேர்த்து 8,89,400 பவுண்டுக்குப் போனது. வாங்கியவர்கள் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அறிவித்தார்கள்.

'ரொம்பப் புதுசா இருக்கே!'

செயற்கையாகப் பழசாக்குவதை ஒரு பெரிய கம்பெனி வெளிப்படையாகச் செய்தது 1995-ல்தான். அதற்குப் பின்னால் சொல்லப்படும் கதையில் வருபவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ். அவருக்காக ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் பழைய மாடலில் சில கிட்டார்கள் செய்து கொடுத்ததாம். அவரோ, 'எல்லாம் ரொம்பப் புதுசா இருக்கு, கொஞ்சம் அடிச்சுத் தட்டிக் கொடுங்க' என்ற அர்த்தத்தில் திருப்பிச் சொல்லி அனுப்பினாராம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மசாலா என்பது அந்த நிறுவனத்துக்கே வெளிச்சம். ஆனால், அங்கே வேலை பார்த்த ஜே பிளாக் என்ற கிட்டார் தச்சர் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். மிசௌரி மாநிலத்தில் இருந்த வின்ஸ் குனெட்டோ என்பவர் பழைய ஃபெண்டர்களை அச்சு அசலாகச் செய்து, பழைய தோற்றம் கொடுப்பதில் கெட்டிக்காரர். வேலை அவர் கைக்குப் போனது.

1995 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த 'நாம்' இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு கிட்டார்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். 1950-களின் அசல் கருவிகளைத்தான் பெருமைக்காகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று பலர் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்களாம். 'இல்லை, இது புதுசு, ஆர்டர் எடுக்கிறோம்' என்று சொன்ன பிறகு ஆர்டர்கள் குவிந்தன. 1999 வரை அந்த கிட்டார்களின் உடல், கழுத்து வேலை மிசௌரியில் குனெட்டோவின் பட்டறையில் நடந்தது. பிறகு ஃபெண்டர் தன் சொந்தக் கூரைக்குள் எடுத்துக்கொண்டது.

பிறகு படிநிலைகள் வந்தன. அந்தக் காலத்துக் கிட்டாரை அன்றே வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் எப்படி இருக்குமோ, அது ஒன்று. வாங்கி, நாலு நாள் வாசித்து, கட்டிலுக்கு அடியில் 40 வருடம் கிடந்தால் எப்படி இருக்கும், அது இன்னொன்று. தினமும் கச்சேரிக்குப் போயிருந்தால், அது ரெலிக். ஹோட்டல் மெனுவில் 'காரம் குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று இருக்குமே, அந்த மாதிரி அடி எவ்வளவு பட்டிருக்க வேண்டும் என்று டிக் செய்து வாங்கலாம். 2009-ல் மெக்ஸிகோ தொழிற்சாலையில் குறைந்த விலையிலும் 'ரோட் வோர்ன்' என்ற பெயரில் செய்ய ஆரம்பித்தார்கள். போட்டிக் கம்பெனியான கிப்சன், இந்த வேலையில் பெயர் எடுத்த டாம் மர்ஃபியின் பெயரிலேயே 2021-ல் 'மர்ஃபி லேப்' என்று தனிப் பிரிவே திறந்துவிட்டது.

சமையலறையில் நடக்கும் சித்து வேலை

இந்த வித்தை எல்லாவற்றுக்கும் மூலதனம் ஒரு பூச்சு. நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். ஒரு காலத்தில் அமெரிக்க கார்களுக்கு அடித்த வகைப் பெயின்ட். ஃபெண்டர் நிறுவனர் லியோ ஃபெண்டர், கார் பெயின்ட் பட்டியலில் இருந்துதான் நிறங்களையே எடுத்தார். 'லேக் ப்ளாசிட் ப்ளூ' காடிலாக் காரின் நிறம். 'ஃபியஸ்டா ரெட்' ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம்.

நைட்ரோ பூச்சு மெல்லியது. முழுசாகக் காய்ந்தது என்று சொல்லவே முடியாது. வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே, மஞ்சளாகிக்கொண்டே இருக்கும். வெள்ளைக் கிட்டார் வெண்ணெய் நிறத்துக்கு வரும். நீலக் கிட்டாரின் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு மஞ்சளானால், நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை! அந்தக் காலத்து நீல ஃபெண்டர்கள் பல இன்று பச்சையாகத் தெரிவது இதனால்தான். பனிக்காலத்தில் வேனுக்குள் கிடந்த கிட்டாரைத் திடீரென்று சூடான அறைக்குள் கொண்டுவந்தால், மரம் ஒரு வேகத்தில் விரியும், பூச்சு இன்னொரு வேகத்தில் விரியும். சடசடவென்று முடி போன்ற மெல்லிய விரிசல்கள் ஓடும். 1960-களின் இறுதியில் ஃபெண்டர் கனமான பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அது கண்ணாடி மாதிரி. அடிபட்டால் சில்லாகத் தெறிக்குமே தவிர, இப்படி அழகாக மூப்படையாது.

ஆக, செயற்கையாக மூப்புக் கொடுக்க வேண்டும் என்றால், முதலில் பழைய பூச்சுக்குத் திரும்ப வேண்டும். விரிசல் வேண்டுமா? கிட்டார் உடலை ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் சூடுகாட்டுவார்கள். பொறுமை இல்லாதவர்கள் குளிரூட்டும் ஸ்ப்ரேயை அடிப்பார்கள். டாம் மர்ஃபியின் வழி வேறு. ரேஸர் பிளேடை எடுத்து ஒவ்வொரு விரிசல் கோடாக, கையால் போட்டுக்கொண்டே போவார். தறியில் உட்கார்ந்தவருக்கு இருக்கும் பொறுமை அதற்கு வேண்டும். வெண்மை மஞ்சளாக வேண்டுமானால் பூச்சிலேயே கொஞ்சம் தேன் நிறச் சாயம் கலந்துவிடுவார்கள். புது வெள்ளை பிளாஸ்டிக் குமிழ்களை டீத்தண்ணீரிலோ காபியிலோ ஊறப்போட்டுப் பழுப்பாக்குவதும், கழுத்துக்கு ஷூ பாலிஷ் தேய்ப்பதும் சிறு பட்டறைகளில் சகஜம்.

உலோக பாகங்களுக்கு அமிலம். நேராக அமிலத்தில் முக்குவதில்லை. மூடிய டப்பாவுக்குள் அமிலத்தின் ஆவி படும்படி தொங்கவிடுவார்கள். சில மணி நேரத்தில் நிக்கலின் பளபளப்பு செத்து, 40 வருடக் கறை வந்துவிடும். கையில் கிட்டார் வைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இதை வீட்டுப் பாத்ரூமில் செய்து பார்க்க நினைக்க வேண்டாம். அந்த ஆவி நுரையீரலுக்கு நல்லதல்ல. நைட்ரோ லேக்கரும் தீயோடு உறவுள்ள சாமான். அந்தக் காலத்து சினிமா ஃபிலிம் சுருள்கள் பொசுக்கென்று தீப்பிடித்ததற்குக் காரணமும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான்.

இவ்வளவும் கெமிஸ்ட்ரி. அசல் திறமை இதில் இல்லை. எங்கே தேய்க்க வேண்டும், எங்கே தேய்க்கக்கூடாது என்பதில்தான் இருக்கிறது. வலது கைக்காரர் வாசிக்கும்போது முழங்கைக்குக் கீழே கை உரசும் மேல் ஓரம் தேயும். முதுகில் இடுப்பு பெல்ட்டின் பக்கிள் படும். தந்திகளுக்குக் கீழே 'பிக்' பட்டுப்பட்டுக் கீறல் விழும். உள்ளங்கை வியர்வை படும் பிரிட்ஜில் துரு வரும். கழுத்தின் தலைப்பக்கத்து முதல் நாலைந்து கட்டங்களில் கை அதிகம் புழங்கும், அங்கே மரம் சாம்பல் நிறத்துக்கு வரும். மேல் கட்டங்கள் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். நெற்றிப் பகுதியில், தந்தி முனையில் சொருகி வைத்த சிகரெட்டின் சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தாலும் இருக்கும்.

இந்த வரலாற்றை யோசிக்காமல் சாண்டிங் மிஷினை வைத்து இழுத்தால் காரியம் கெட்டது. கையே படாத இடத்தில் மரம் தெரியும். பெயின்ட் போன ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். கடைகளில் 'ஹெவி ரெலிக்' என்று தொங்கும் பலதும் உண்மையைச் சொன்னால் இந்த ரகம்தான். நாடகத்தில் இளைஞன் தாத்தா வேஷம் போட்டு, தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்து நிற்பானே, அப்படி.

பழசைத் தொடும் கை

இதே பட்டறைகளின் இன்னொரு மேஜையில் நடப்பது நேரெதிரான வேலை. உண்மையிலேயே பழைய கிட்டார் ஒன்று உடைந்து வருகிறது. அதை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், ஆனால் தொட்டது தெரியக்கூடாது.

அதிகம் வருவது கிப்சன் லெஸ் பாலின் கழுத்து முறிவு. கழுத்து மஹோகனி மரம். தலைப்பகுதி 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். அந்த வளைவிலேயே உள்ளே இரும்புக் கம்பி போகும் குழிவும் இருப்பதால் மரம் அங்கே மெலிசு. ஸ்டாண்டில் இருந்து ஒரு தரம் பின்பக்கமாக விழுந்தால் போதும், 'படக்'. உள்ளம் உடைந்து வரும் உரிமையாளருக்கு நல்ல செய்தி, சரியாக ஒட்டினால் ஒட்டிய இடம் மரத்தைவிட உறுதியாக நிற்கும். கெட்ட செய்தி, விற்கப் போனால் விலை ஏறக்குறைய பாதி. அந்த ஒட்டை மறைத்து விற்பவர்களும் இருப்பதால்தான், பழைய லெஸ் பால் வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்தக் கழுத்து வளைவில்தான் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்.

நல்ல கைவினைஞர் இங்கே சில விஷயங்களில் பிடிவாதமாக இருப்பார். விலங்குத் தோலில் இருந்து காய்ச்சும் பழைய காலத்துப் பசையையே அகூஸ்டிக் கிட்டார்களுக்குப் பயன்படுத்துவார். நாளைக்கு இன்னொருவர் வெந்நீரும் சூடும் கொடுத்து அதைப் பிரிக்கலாம் என்பதால். தேய்ந்த ஃபிரெட் கம்பிகளை மாற்றினால், பழையவற்றை ஒரு பொட்டலத்தில் போட்டுக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தருவார். கழற்ற வேண்டிய அவசியம் இல்லாத ஸ்க்ரூவைக் கழற்ற மாட்டார். உள்ளே இருக்கும் பழைய ஈயப் பற்றவைப்பைக் கலைக்க மாட்டார். பூச்சு உதிர்ந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு லேக்கர் விடுவார். நைட்ரோவில் புதிய சொட்டு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும் என்பது பெரிய வசதி.

மர விஷயத்திலும் சிக்கல் உண்டு. பழைய ஃபெண்டர்களின் விரல்பலகை பிரேஸில் நாட்டு ரோஸ்வுட். 1992-ல் இருந்து அந்த மரம் சர்வதேச வணிகத்தில் மிகக் கடுமையான தடைப் பட்டியலில் இருக்கிறது. மாற்றுப் பலகை வேண்டும் என்றால் பழைய இருப்பில்தான் தேட வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க கம்பெனிகள் அதற்கு மாற்றாகப் பிடித்த மரம் எது தெரியுமா? இந்திய ரோஸ்வுட். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம்மூர் ஈட்டி மரம்! மார்ட்டின், ஃபெண்டர் கிட்டார்கள் ஏராளமானவற்றில் இன்றும் தந்திக்கு அடியில் இருப்பது அதுதான்.

எதைத் தொட வேண்டாம் என்பதற்கு வாழும் உதாரணம் ஒன்று டெக்ஸஸில் இருக்கிறது. பாடகர் வில்லி நெல்சனின் 'ட்ரிக்கர்'. 1969-ல் வாங்கிய மார்ட்டின் என்-20 கிட்டார். விரலால் வாசிக்க வேண்டிய நைலான் தந்திக் கருவியை அவர் பிக் வைத்து வாசித்ததால், ஒலித்துளைக்குக் கீழே மரமே தேய்ந்து இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. ஆஸ்டின் நகரத்தின் மார்க் எர்ல்வைன் பல்லாண்டுகளாக அதைப் பராமரிக்கிறார். உள்ளே இருக்கும் சட்டங்களைப் பலப்படுத்துகிறார், பூச்சு போடுகிறார், சுத்தம் செய்கிறார். அந்த ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை.

கள்ளநோட்டு விளக்கு

பழசு போலச் செய்வது கிட்டார்காரர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. 19-ம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த வயலின் தச்சர் ழான் பாட்டிஸ்ட் வியோம், பகனினியின் புகழ்பெற்ற 'கனோன்' வயலின் ரிப்பேருக்கு வந்தபோது அதை அப்படியே நகலெடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் எது தன்னுடையது என்று பகனினிக்கே சட்டெனத் தெரியவில்லை என்று ஒரு கதை. அந்த நகல் பகனினியின் சீடர் சிவோரிக்குப் போனது. அசலும் நகலும் இன்று இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் இருக்கின்றன.

வியோம் நகலை நகல் என்றே சொன்னார். சிக்கல், சொல்லாதவர்களால் வருகிறது. 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் 2,000-க்கும் குறைவு. அன்றைக்கு விலைபோகாமல் கம்பெனியே நிறுத்திய மாடல். 1966-ல் எரிக் கிளாப்டன் ஒரு ஆல்பத்தில் அதை வாசித்த பிறகு தேட ஆரம்பித்தார்கள். இன்று ஒன்றின் விலை சில லட்சம் டாலர். ஒரு புது கிட்டாருக்கும் இதற்கும் விலையில் இவ்வளவு தூரம் இருக்கும்போது, நடுவில் புகுந்து பழசு செய்து விற்க எத்தனை பேருக்குக் கை அரிக்கும்!

அதனால், வாங்குபவர் டாக்டர் மாதிரி பரிசோதிக்க வேண்டியிருக்கிறது. கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கு இங்கேயும் உதவும். வயதான நைட்ரோ பூச்சு அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். புதிதாக அடித்த பூச்சு அப்படி ஒளிராமல் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தில் எண்கள் பொறித்திருப்பார்கள். 1376322 என்றால், 137 செய்த கம்பெனி, 63 வருடம், 22 அந்த வருடத்தின் வாரம். 1961 கிட்டார் என்று சொல்லி விற்பவரின் கருவிக்குள் இந்த எண் இருந்தால், பாகத்தை மாற்றியிருக்க வேண்டும், அல்லது கதையை. ஃபெண்டர் கழுத்தைக் கழற்றினால் அடிப்பகுதியில் தேதி இருக்கும். சன்பர்ஸ்டின் சிவப்பு வெயிலில் மங்கியிருந்தால், பிக்கார்டு மூடியிருந்த இடத்தில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளின் ரெலிக்குகளில் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. தனி வரிசை எண், தலைக்குப் பின்னால் கஸ்டம் ஷாப் முத்திரை என்று அடையாளம் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். 'கிழிந்த ஜீன்ஸை விற்பது மாதிரி ஏமாற்று வேலை' என்று ரெலிக்கைத் திட்டுபவர்கள் நிறைய. ஜீன்ஸ் ஒப்பீடு சரிதான், ஏமாற்று என்பது சரியில்லை. முட்டியில் கிழித்து விற்கும் ஜீன்ஸை யாரும் தாத்தாவின் ஜீன்ஸ் என்று சொல்லி விற்பதில்லை. அந்த முத்திரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, 'எங்க மாமா 1959-ல் வாங்கினது' என்று ஒருவர் கதை சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் அது திருட்டு. கீறல் அதே கீறல்தான்.

சரி, சத்தம் மாறுமா?

கேட்டால் கடைக்காரர் 'மாறும்' என்பார். மெல்லிய பூச்சில் மரம் 'மூச்சு விடுகிறது' என்பார்கள். கெட்டி மரத்தில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தின் பெரும்பகுதி தந்தி, பிக்கப், ஆம்ப்ளிஃபையர் சமாச்சாரம். அகூஸ்டிக்கில் மரத்துக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. அதனால்தான் மார்ட்டின், யமஹா போன்ற கம்பெனிகள் மரத்தை ஆக்சிஜன் குறைந்த ஓவனில் வாட்டி, பல வருடம் காய்ந்த மரத்தின் குணத்தைக் கொண்டுவரப் பார்க்கின்றன.

பழசு என்றாலே நல்ல சத்தம் என்ற நம்பிக்கையை வயலின்காரர்கள் ஒருமுறை சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில், ஒரு ஹோட்டல் அறையில், அனுபவமுள்ள 21 வயலின் கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு மூன்று புது வயலின்களையும், ஸ்ட்ராடிவாரி இரண்டு, குவார்னேரி ஒன்று என மூன்று பழைய வயலின்களையும் வாசிக்கக் கொடுத்தார்கள். 'எதை வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள்?' என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் காட்டியது புதுசை!

அப்படியானால் ரெலிக் வாங்குபவர்கள் ஏமாளிகளா? அவர்களைக் கேட்டால் காதைப் பற்றி அல்ல, கையைப் பற்றித்தான் முதலில் சொல்கிறார்கள். கழுத்தின் ஓரங்கள் வழவழவென்று உருண்டிருக்கும். புதுப் பூச்சின் பிசுபிசுப்பு விரலில் ஒட்டாது. இன்னொன்று, பயம் இல்லை. முதல் கீறல் ஏற்கெனவே விழுந்துவிட்டது! நாலரை லட்சம் ரூபாய் கிட்டாரைப் பட்டுப்புடவை மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டாமல், மழைத்தூறலில்கூட மேடைக்கு எடுத்துப் போகலாம். கோடிகளுக்குப் போகும் அசலை வைத்திருக்கும் கலைஞர்களுக்கும் இதே லாபம். எரிக் கிளாப்டனின் 'ப்ளாக்கி' கிட்டாரைப் பாருங்கள். அவர் 2004 ஏலத்தில் விற்ற அந்தக் கறுப்பு ஸ்ட்ராட் 9,59,500 டாலருக்குப் போனது. 2006-ல் ஃபெண்டர் அதன் தேய்மானத்தோடு 275 நகல்கள் செய்து, ஒன்று 24,000 டாலர் என்று விற்றது. அதே பணத்துக்கு ஒரு புது கார் வாங்கியிருக்கலாம் என்று எந்த வீட்டிலும் சொல்லத்தான் செய்வார்கள். அதில் தப்பும் இல்லை.

1995-க்கும் 1999-க்கும் நடுவில் குனெட்டோவின் பட்டறையில் இருந்து வந்த முதல் தலைமுறை ரெலிக்குகளை இப்போது சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடி வாங்குகிறார்கள். அவற்றுக்கு 30 வயது நெருங்கிவிட்டது, சிலவற்றுக்குத் தாண்டியும்விட்டது. வாங்கியவர்களில் பலர் அவற்றை நிஜமாகவே வாசித்திருக்கிறார்கள். நைட்ரோ பூச்சு சொந்தமாக மஞ்சளாகியிருக்கிறது, பிரிட்ஜில் அமிலம் போட்ட கறைக்கு மேலே வியர்வை போட்ட துரு ஏறியிருக்கிறது, பட்டறை தேய்த்துவிட்ட மேல் ஓரத்தை உரிமையாளரின் கை இன்னும் கொஞ்சம் அகலமாகத் தேய்த்திருக்கிறது. அந்த ஓரத்தில் எதுவரை குனெட்டோவின் வேலை, எங்கிருந்து உரிமையாளரின் வேலை என்று பிரித்துச் சொல்ல, அந்தக் கள்ளநோட்டு விளக்காலும் முடியாது.